மின்னல் முரளியில் நான் ஷிபு பக்கம்

'மின்னல் முரளி' என்கிற மலையாளப் படம் 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் நேராக வந்தது. தியேட்டர் பக்கமே போகவில்லை. வந்த வாரத்திலிருந்து இன்றுவரை அந்தப் படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் காதில் விழுவது "மார்வெல் எல்லாம் ஓரமா போகணும், இதுதான் நம்ம ஊர் சூப்பர்ஹீரோ" என்பதுதான். அந்தப் பாராட்டில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஜெய்சனை மனதில் வைத்துச் சொல்கிறார்கள், முகமூடி போட்டு மின்னல் முரளி ஆகிற ஹீரோவை. எனக்கு அந்தப் படத்தின் முழு பலமும் டீக்கடையில் வேலை பார்க்கிற ஷிபுவிடம் இருக்கிறது, அதன் பெரிய குறையும் கடைசியில் ஷிபுவை அந்தப் படம் நடத்துகிற விதத்தில்தான் இருக்கிறது. இதை ரொம்ப நாளாக எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். கதை முழுவதையும் சொல்லித்தான் பேச முடியும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை சுருக்கமாக. தொண்ணூறுகளில் குறுக்கன்மூலை என்று ஒரு கற்பனைக் கிராமம். ஜெய்சன் (டொவினோ தாமஸ்) தையல்காரன், அமெரிக்கா போகணும் என்பது அவன் கனவு. ஷிபு (நம்ம குரு சோமசுந்தரம்) ஊர் சரியாக மதிக்காத, கொஞ்சம் 'கழண்டவன்' என்று ஒதுக்கிவைத்த ஆள். ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி இரண்டு பேர் மேலும் மின்னல் விழுகிறது. இரண்டு பேருக்கும் சக்தி வருகிறது. ஒருத்தன் ஊரைக் காப்பாற்றுகிறவன் ஆகிறான், இன்னொருத்தன் ஊரை எரிக்கிறவன் ஆகிறான்.

சூப்பர்ஹீரோ உருவாகும் கதைக்கு ஒரு வழக்கமான பாதை இருக்கிறது. 1938-ல் சூப்பர்மேன் காமிக்ஸ் வந்த காலத்திலிருந்தும், 1962-ல் ஸ்பைடர்மேன் வந்ததற்கு அப்புறம் இன்னும் உறுதியாகவும் போடப்பட்ட பாதை. சாதாரண ஆள், எதிர்பாராத சம்பவம், சக்தி, அதைச் சோதித்துப் பார்க்கிற ஜாலியான அரைமணி நேரம், ஒரு இழப்பு, அந்த இழப்பிலிருந்து ஒரு பொறுப்பு, உடை, பெயர், வில்லன். இந்தப் பாதையில் வில்லனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிச்சம் மீதி நேரம்தான். ஒரு விஞ்ஞானி, ஒரு விபத்து, ஒரு கோபம், அவ்வளவுதான். இயக்குநர் பாசில் ஜோசப்பும் கதை எழுதிய அருண் அனிருத்தன், ஜஸ்டின் மேத்யூவும் செய்த பெரிய காரியம் என்னவென்றால், அந்தப் பாதையை அப்படியே இரண்டாகப் போட்டு, ஒரே மின்னலில் இரண்டு பேரையும் தொடங்கவைத்து, பக்கத்துப் பக்கத்தில் நடக்கவிட்டதுதான். ஹீரோவுக்கு எவ்வளவு நேரமோ ஏறக்குறைய அவ்வளவு அக்கறை ஷிபுவுக்கும் கிடைக்கிறது. அவனுக்கும் ஒரு காதல் இருக்கிறது, அவனுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது, அவன் சக்தியை அவன் கண்டுபிடிக்கிற காட்சியும் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் இது புதிய விஷயமாக இருக்காது. பழைய வட ஆர்க்காடு முழுக்க, ஆரணி, செய்யாறு, வந்தவாசி, ஆற்காடு என்று எந்தப் பக்கம் போனாலும், பங்குனி சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொல்லிக்கொடுத்த பாட்டிமார்களின் ஊர் இது. இங்கே அர்ச்சுனனுக்குச் சக்தி வருகிற கதையை ஊரே கண்முன்னால் பார்க்கும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷம் கட்டினவர் நட்டுவைத்த உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார், பாசுபதம் வாங்க. அந்த மரத்தில் ஏறுவதைப் பார்த்தவனுக்கு, சக்தி என்பது கஷ்டப்பட்டு, உடம்பு நடுங்க, மேலே போய் வாங்கிவருவது. மின்னல் முரளியில் அது ஒரு நொடியில், கேட்காமலே, தகுதி பார்க்காமலே தலையில் வந்து விழுகிறது. இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. தகுதி பார்க்காமல் விழுந்ததால்தான் இந்தக் கதையில் கேள்வியே பிறக்கிறது: ஒரே சக்தி, இரண்டு பேரும் அநாதரவாக நின்றவர்கள், ஒருத்தன் இப்படி ஆனான், இன்னொருத்தன் அப்படி ஆனான், நடுவில் என்ன நடந்தது?

அர்ச்சுனன் தபசுக்குக் கூட்டம் வரும், சரி. ஆனால் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து அழுவது கர்ண மோட்சத்துக்கு. தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று மனைவி பொன்னுருவி அவனை இழிவாகப் பேசுவாள், பெற்ற தாய் போருக்கு முன்னால் வந்து மகனே என்று சொல்லி வரம் கேட்பாள், கொடுத்துவிட்டுச் சாகப் போவான். தோற்கப் போகிற பக்கத்தில் நிற்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் சபையில் திரௌபதியைப் பேசிய பேச்சும் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அன்றைக்கு ராத்திரி ஊர் அவன் பக்கம். போர்க்களக் காட்சியான படுகளத்தில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனுக்குக்கூட காந்தாரி ஒப்பாரி வைத்து அழுவாள், அதற்கும் நேரம் ஒதுக்குவார்கள். எதிர்ப்பக்கத்து மனுஷனை முழு மனுஷனாகப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குக் கூத்து கொடுத்தது. ஷிபுவைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு கர்ண மோட்சம்தான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தொடர்பும் இருக்கிறது. குரு சோமசுந்தரம் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயிற்சி எடுத்த நடிகர். அந்தப் பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி தெருக்கூத்தோடு நெருங்கிப் பழகியது எங்கள் பழைய மாவட்டத்துப் புரிசை கிராமத்துக் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் வழியாக. (இப்போது அந்தப் பக்கமெல்லாம் திருவண்ணாமலை மாவட்டம், 1989-ல் பிரித்துவிட்டார்கள், ஆனால் வயசானவர்கள் வாயில் இன்னும் வட ஆர்க்காடுதான்.) ஷிபுவாக அவர் கூத்து ஆடினார் என்று நான் சொல்லவரவில்லை, அவர் நடிப்பு அவ்வளவு அடங்கின நடிப்பு. ஆனால் உடம்பு முழுவதையும் வைத்து நடிக்கிற ஒரு பயிற்சி அதில் தெரிகிறது. தோள்கள் எப்போதும் முன்னால் வளைந்தே இருக்கும், யாராவது கூப்பிட்டால் தலை முதலில் திரும்பாது, கண் மட்டும் போகும், அடி வாங்கிப் பழகினவன் மாதிரி. சக்தி வந்ததற்கு அப்புறம் அந்தத் தோள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறது. 'ஆரண்ய காண்ட'த்தில் காளையனாகவும், 2016-ல் வந்த 'ஜோக்க'ரில் தன்னை ஜனாதிபதி என்று அறிவித்துக்கொள்கிற மன்னர் மன்னனாகவும் அவரைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஊர் பைத்தியம் என்று சொல்கிற ஒருத்தனின் உள்ளே இருக்கிற நியாயத்தை அவரைப் போலக் காட்டுகிறவர் இப்போது தமிழில் குறைவு. அவருக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுக்க மலையாள சினிமா தேவைப்பட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

உஷா வருகிறாள். சின்ன வயசிலிருந்து அவன் மனசில் வைத்திருந்த பெண், வேறு வாழ்க்கைக்குப் போய், அது உடைந்து, நோய்வாய்ப்பட்ட மகளோடு ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். அந்தக் குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். ஷிபு போய் வங்கியைக் கொள்ளையடிக்கிறான்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லணும். அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வில்லன் யார், ஹீரோ யார் என்று இன்னும் தெளிவாகாத கட்டம். "இன்னா தப்பு பண்ணான் அவன்? கொயந்தைக்கு ஆபரேஷன்னா வேற இன்னாடா பண்ணுவான்?" என்று கேட்டார். "கொள்ளையடிக்கிறது தப்புதானம்மா" என்றேன். "தப்புதான். நான் இல்லன்னு சொல்லலியே" என்றார், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

வேலூரில் இருக்கிறவர்களுக்கு அந்தக் காட்சி வெறும் கதைக்காக வைத்த காரணமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். ஐடா ஸ்கடர் ரோட்டில் ஒருநாள் நடந்தால் போதும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து, வடகிழக்கிலிருந்து, கேரளாவிலிருந்து வந்த குடும்பங்கள், கையில் ஸ்கேன் கவரும் தோளில் தூங்குகிற குழந்தையுமாக. சுற்றி இருக்கிற தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டு வைத்த சாப்பாட்டுக் கடைகள், லாட்ஜுகள். நிலத்தை விற்று வந்தவர்கள், நகையை வைத்து வந்தவர்கள். டீக்கடையில் பக்கத்தில் நின்று போனில் பேசுகிறவர் என்ன மொழி பேசினாலும் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று குரலிலேயே தெரியும். இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒரு சூப்பர்ஹீரோ படத்தில் ஒருத்தன் தன் சக்தியை முதன்முதலில் ஒரு குழந்தையின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகப் பயன்படுத்துகிறான் என்றால், அது உலகத்தை ஆள நினைக்கிற எந்த வில்லனையும்விட நெருக்கமாக இருக்கும். மற்ற படங்களில் வில்லனின் ஆசை நமக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. இங்கே அவனுக்கு வேண்டியதை நாம் பக்கத்து பெஞ்சில் தினமும் பார்க்கிறோம்.

படத்தின் பலத்தில் இன்னும் ஒன்றிரண்டு உண்டு, அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகவே இருக்கிறது. கிராமத்தைச் சுற்றிக் காட்டுவதற்கென்று படம் நிற்பதில்லை. ஜெய்சனின் அக்கா மகன் ஜோஸ்மோன் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் படித்துவிட்டு மாமாவுக்குப் பயிற்சி கொடுக்கிற காட்சிகள் அவ்வளவு இயல்பு. கராத்தே சொல்லிக்கொடுக்கிற 'புரூஸ்லி' பிஜி, சக்தி எதுவும் இல்லாமலே படத்தில் தைரியமான ஆளாக நிற்கிறாள். சுஷின் ஷியாமின் பின்னணி இசை, ஷான் ரஹ்மானின் 'உயிரே' பாட்டு, இரண்டும் ஷிபு பக்கத்துக் காட்சிகளைத்தான் அதிகம் தூக்கிப் பிடிக்கின்றன. உஷா சம்மதம் சொன்னதும் ஷிபு அழுவதும் சிரிப்பதும் ஒன்றாக வருகிற அந்த முகம், இந்திய சூப்பர்ஹீரோ படங்களில் நான் பார்த்த மிகச் சிறந்த காட்சி அதுதான். அதில் ஒரு சண்டையும் இல்லை, ஒரு கிராஃபிக்ஸும் இல்லை.

சரி, குறைகள்.

முதல் குறை ஜெய்சன். டொவினோ நன்றாகவே நடித்திருக்கிறார், குறை எழுத்தில். அவனுக்குக் காதல் தோல்வி, போலீஸ்காரர்களோடு தகராறு, அமெரிக்கா போகிற ஆசை, வளர்ப்புப் பிள்ளை என்கிற உண்மை, தீயில் இறந்துபோன நாடகக்கார அப்பா என்று நிறைய கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல விஷயம். ஆனால் இதில் எது அவனை மாற்றியது? கிடைத்த சக்தியை முதலில் தன் சொந்தக் கோபத்துக்குப் பயன்படுத்துகிறவன், எந்த இடத்தில் அடுத்தவனுக்காக நிற்கிறவன் ஆனான்? அப்பாவின் கதை தெரிந்ததும் என்று படம் சொல்கிறது. சொல்கிறதே ஒழிய நம்மை உணரவைக்கவில்லை. ஷிபுவின் ஒவ்வொரு அடிக்கும் காரணம் நமக்கு வயிற்றில் தெரிகிறது, ஜெய்சனின் மாற்றத்தை ஒரு தகவலாகத் தெரிந்துகொள்கிறோம். அந்த நாடகப் பின்னணியில் எவ்வளவோ செய்திருக்கலாம். மேடையில் வேஷம் கட்டின அப்பா, நிஜத்தில் வேஷம் கட்டுகிற மகன். எங்கள் பக்கத்தில் கூத்தாடிகளின் பிள்ளைகள் அப்பாவின் கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜகீர்த்தியையும் எடுத்து வைத்து முதல்முறை அரிதாரம் பூசுகிற தருணம் எவ்வளவு கனமானது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கனம் ஜெய்சன் உடை மாட்டுகிற இடத்தில் வரவில்லை, அது அழகான ஒரு மாஸ் காட்சியாக மட்டும் கடந்து போகிறது.

சக்திக்கு அளவு இல்லாததும் ஒரு சிக்கல். பலம், வேகம், தொடாமலே பொருளை நகர்த்துவது என்று தேவைக்கேற்ப வருகிறது. எது முடியும், எது முடியாது என்று நமக்குத் தெரியாதபோது கடைசிச் சண்டையில் பதற்றம் குறைகிறது. இரண்டு மணி நேரத்தைத் தாண்டி இன்னும் அரைமணிக்கு மேல் ஓடுகிற படத்தில், போலீஸ் ஸ்டேஷன் கலாட்டாக்களைக் குறைத்திருந்தால் இதற்கெல்லாம் இடம் கிடைத்திருக்கும்.

இதைவிடப் பெரிய குறை உஷா. ஷெல்லி கிஷோர் சில காட்சிகளிலேயே ஒரு முழு வாழ்க்கையை முகத்தில் கொண்டுவருகிறார். ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று படம் கேட்கவே இல்லை. ஷிபுவின் காதலை அவள் ஏற்றுக்கொள்கிறாள், அது காதலா, நன்றியா, போக்கிடம் இல்லாததாலா? இத்தனை வருஷம் ஒருத்தன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரியும்போது ஒரு பெண்ணுக்குப் பயமும் வரலாம். அது எதற்கும் ஒரு காட்சி இல்லை. அவள் வருவதும் ஷிபுவுக்காக, சாவதும் ஷிபுவுக்காக. ஷிபுவை இவ்வளவு நுணுக்கமாக எழுதினவர்களால் உஷாவை எழுத முடியாது என்று நான் நம்பமாட்டேன். எழுதவில்லை, அவ்வளவுதான்.

அவள் சாகிற விதம்தான் என்னைப் பல நாள் விடாமல் தொந்தரவு செய்தது. ஷிபு செய்ததெல்லாம் வெளியே வந்ததும் ஊர்க்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி நெருப்பு வைக்கிறார்கள். அந்தத் தீயில் உஷாவும் குழந்தையும் போய்விடுகிறார்கள். ஷிபுவின் கையில் ஏற்கனவே ரத்தம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை, அவன் கொலைகாரன். ஆனால் இந்த இரண்டு உயிரை எடுத்தது ஊர். ஒரு பெண், ஒரு நோயாளிக் குழந்தை. இதற்கு அப்புறம் ஷிபு ஊரையே அழிக்க வருகிறான், ஊர் தேவாலயத்துக்குள் மாட்டிக்கொள்கிறது, ஜெய்சன் உடை மாட்டிக்கொண்டு வந்து காப்பாற்றுகிறான், கைத்தட்டல். அந்தத் தீயைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை! தீ வைத்த கைகள் எல்லாம் தேவாலயத்துக்குள் அப்பாவி முகத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கிழவியாவது "அந்தப் புள்ளயக் கொன்னுட்டோமே" என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஜெய்சன் அந்தக் கதவைத் திறக்கும் முன் ஒரு நொடி தயங்கியிருக்கக் கூடாதா?

அந்தத் தயக்கம் மட்டும் இருந்திருந்தால் ஜெய்சனின் எழுத்தில் நான் சொன்ன குறையும் சேர்ந்தே தீர்ந்திருக்கும். தப்பு செய்த ஊர் என்று தெரிந்தே அதைக் காப்பாற்றத் தீர்மானிக்கிறவன்தான் ஹீரோ. நல்லவர்களைக் காப்பாற்றுவதற்குப் பெரிய மனசு வேண்டாம், பலம் போதும். படம் அந்த வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிட்டது. கூத்தில் படுகளம் முடிந்து பாஞ்சாலி கூந்தல் முடிவதற்கு முன்னால் ஒப்பாரிக்கு இடம் இருக்கிறது. இங்கே ஷிபு செத்ததும் படம் முரளியின் புகழுக்குப் போய்விடுகிறது.

இதில் கூடுதல் வேதனை ஒன்று உண்டு. இந்தப் படத்துக்காகக் கேரளாவின் காலடி என்ற ஊரில் பெரியாற்றங்கரையில் போட்டிருந்த தேவாலய செட்டை 2020 மே மாதம், லாக்டவுன் நேரத்தில், ஒரு கும்பல் வந்து இடித்துப் போட்டது. பக்கத்தில் கோயில் இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். கும்பல் என்ன செய்யும் என்பதைத் தங்கள் சொந்த உழைப்பு உடைந்து கிடக்கிற படங்களில் பார்த்த ஒரு குழு, தங்கள் கதைக்குள் இருக்கிற கும்பலை இவ்வளவு எளிதாக விட்டுவிட்டதே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கதை அதற்கு முன்பே எழுதி முடிந்திருக்கும், படப்பிடிப்பே 2019 டிசம்பரில் தொடங்கிவிட்டது, அதனால் இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

தமிழில் இந்த வகையில் வந்தவற்றோடு ஒப்பிட்டால் 'மின்னல் முரளி' எங்கே நிற்கிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். 2012-ல் மிஷ்கின் 'முகமூடி' எடுத்தார். குங்ஃபூ, சென்னை இருட்டு, எல்லாம் பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் முகமூடிக்குப் பின்னால் இருக்கிறவன் ஏன் அதைப் போட்டான் என்பது வலுவாக இல்லை. 2023-ல் மின்னல் தாக்கிச் சக்தி பெறுகிற கிராமத்துப் பையனை வைத்து 'வீரன்' வந்தது. அதே ஆண்டு வந்த 'மாவீர'னை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, நான் சேர்ப்பேன். பயந்தவன் ஒருத்தனுக்குத் தைரியம் ஒரு குரலாக வந்து சேர்கிறது, அவன் அதற்கு ஒத்துழைக்க மறுக்கிறான், கடைசியில் குரல் இல்லாத இடத்தில் அவனாக நிற்க வேண்டியிருக்கிறது. ஹீரோ ஏன் மாறினான் என்கிற விஷயத்தில் 'மாவீரன்' மின்னல் முரளியைவிடத் தெளிவு. வில்லன் விஷயத்தில் மின்னல் முரளியின் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை.

மலையாளத்திலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். தமிழ் டப்பிங் இருக்கிறது, ஆனால் ஒரு தமிழ் நடிகர் இன்னொரு மொழியில் போய் அந்த மொழியின் தடுமாற்றத்தையே ஷிபுவின் தடுமாற்றமாக மாற்றிக்கொண்டதைக் கேட்கிற சந்தோஷம் டப்பிங்கில் போய்விடுகிறது. இரண்டாம் பாகம் வந்தால் எனக்கு இன்னும் பெரிய வில்லன் வேண்டாம், பெரிய நகரம் வேண்டாம். குறுக்கன்மூலையிலேயே நடக்கட்டும். அந்தத் தீயை வைத்தவர்களில் ஒருத்தர் ஜெய்சனின் தையல் கடைக்கு வந்து உட்காரட்டும், அவர் வாயால் அதைப் பேசட்டும், ஜெய்சன் என்ன பதில் சொல்கிறான் என்று பார்க்க நான் முதல் நாளே உட்கார்ந்திருப்பேன்.